ஒரே சர்வர், இரண்டு பெட்டிகள்

திங்கள், ஜூன் 4, 2007
காலையிலிருந்தே அனல் காற்று. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரி, புழுதி.

என் தப்புதான். ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே சர்வர். நானும் அன்வரும் எழுதிய லேப் புரோகிராம் இரண்டு வருடமாக அதில் ஓடுகிறது. இன்று அதிலேயே ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலை ஏற்றினேன். பட்டியலுக்கு பி.எச்.பி. மொழியின் ஐந்தாம் பதிப்பு வேண்டும். லேப் நாலில்தான் ஓடும். ஐந்தைப் போட்டதும் லேப் படுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் ஒரு ரிசல்ட்டும் இல்லை. வெறும் வயிற்றோடு வந்த பெரியவர் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பட்டியல் நல்ல விஷயம்தாம்மா. ஆனா லேப் நிக்கக் கூடாது. எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். ஆறு மாத வேலை.

செவ்வாய், 5
பெரம்பலூரில் எங்கள் கம்ப்யூட்டர் கடை. அன்வர் காலேஜ் தோழன், கடையில் பாதி அவனுடையது. "இன்னொரு சர்வர் கேளேன்" என்றான். எந்த முகத்தோடு கேட்பது?

லினக்ஸ் குழு மெயிலில் ஒரு வழி பார்த்தேன். ஒரே மெஷினுக்குள் தனித்தனிப் பெட்டிகள். கன்டெய்னர் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்த ஃபைல், சொந்த பி.எச்.பி., மெமரிக்கும் எல்லை. ஒன்று விழுந்தாலும் மற்றது பாட்டுக்கு ஓடும்.

"நம்ம ஊருல யாரு பண்ணிருக்கா?" என்றான் அன்வர்.

"யாரும் இல்ல. நாம பண்ணுவோம்."

செய்ய வேண்டியவை: கடை மெஷினில் ஒத்திகை. புதுக் கெர்னல், அதாவது லினக்ஸின் உள்மையம். லேப்புக்கு ஒரு பெட்டி, பட்டியலுக்கு ஒன்று. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

வியாழன், 7
பெட்டி எழுந்தது. நெட்வொர்க் வரவில்லை. மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். ஐ.பி. முகவரியில் ஓர் எண் தப்பு. அன்வர் டீயோடு வந்து எட்டிப் பார்த்தே கண்டுபிடித்தான். எரிச்சல். சந்தோஷமும்.

நாலும் ஐந்தும் ஒரே மெஷினில், சண்டையில்லாமல்! பட்டியல் பெட்டியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். லேப் அசையவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன். லேப் ஏன் நின்றது என்பதையும் பெட்டி யோசனையையும் மறைக்காமல் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை லேப் லீவு. சரியா வரலைன்னா?"

"பழைய டிஸ்க்கையே மாட்டிட்டு வந்துடுவேங்க."

"சரி, வாங்க."

ஞாயிறு, 10
இரண்டு பெட்டியையும் சி.டி.யில் எழுதி, புது டிஸ்க்கோடு பையில் போட்டு, பஸ் ஏறினோம். புதுக் கெர்னலில் சர்வர் திரும்ப எழும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தது. நான்கு மணிக்கு இரண்டும் ஓடின. லேப் பொறுப்பிலுள்ள ஜெயக்கா லீவிலும் வந்து சோதித்துப் பார்த்தார். "முன்னைக்கு வேகமாத்தான் இருக்கு புள்ள."

பஸ்ஸில் அன்வர் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதன், 13
லேசான தூறல். பத்தரைக்கு ஜெயக்கா போன்.

"பட்டியல் தொறக்கல. ஓ நெகட்டிவ் ஒடனே வேணும், பிரசவத்துக்கு வந்த பொண்ணு."

"லேப் ஓடுதாக்கா?"

"அது ஓடுது. இதுதான் நின்னுபோச்சு."

புரிந்தது. பட்டியல் பெட்டிக்கு மெமரியைக் கஞ்சத்தனமாக வைத்திருந்தேன். தேடியதும் நிரம்பிவிட்டது. கட்டளையை எழுத்தெழுத்தாகப் போனில் சொன்னேன், ஜெயக்கா அடித்தார். எல்லை இரண்டு மடங்கு. அந்தப் பெட்டியை மட்டும் மறுபடி ஏற்றினோம்.

"வந்துருச்சு! மூணு பேரு இருக்காங்க."

முதல் இருவர் போனை எடுக்கவில்லை. மூன்றாமவர் கீழப்பழுவூர் தையல்காரர். "இப்பவே பைக்ல கெளம்பிட்டேங்க" என்றாராம்.

மூன்று மணி வரை ஒரு வேலையும் ஓடவில்லை. பிறகு ஜெயக்கா: "ரெண்டு உசுரும் நல்லாருக்கு. பொட்டப்புள்ள."

கடைக்குப் பின்னால் போய் அழுதேன். அன்வர் பார்க்காததுபோல் இருந்தான்.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா. "மருந்து ஸ்டாக்குக்கும் ஒரு பெட்டி போட முடியுமா?"

முடியும் என்றேன். அன்வர் அதற்குள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.