அது ஊசி இல்லைங்க

அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். "நீ எழுதினா நடுவுல நாலு வானவில்லாவது வந்துடும்டி" என்று கிண்டல் செய்வாயே, அதற்காகவே இந்த முறை எதையும் சேர்க்காமல் எழுதுகிறேன்.

இன்று பள்ளிக்கூட ஆய்வகத்தில் தவளை போட்டு வைத்திருந்த கண்ணாடி ஜாடி விழுந்து உடைந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் அங்கேயே நின்றேன். கண் எரிந்தது, தொண்டை கமறியது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் உன் விரல்களில் மிச்சமிருக்கும் அதே ஃபார்மலின் நெடி. "நெடிக்கா அழறே? வெளிய போய் நில்லு" என்றார் டீச்சர். ஆமாம் என்று தலையாட்டினேன். பாதி உண்மைதான் சொன்னேன். பாதி உண்மை உனக்குப் பிடிக்காது என்று தெரியும். அதனால்தான் மீதியை உனக்கு எழுதுகிறேன்.

நீ மதராஸில் டாக்டருக்குப் படித்தாய். அங்கேயே உடற்கூறு வகுப்பில் பாடமும் நடத்திவிட்டு நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். வந்த புதிதில், செங்கம் ரோட்டில் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் இறந்துபோனார். அவரைத் தன் நாட்டில் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவருடைய தங்கை கேட்க, உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றும் வேலையை நீதான் செய்தாய். அன்றிலிருந்து ஊருக்கு நீ 'ஊசி போடற டாக்டரம்மா'. காய்ச்சலுக்கு வந்த குழந்தைகள்கூட உன்னைப் பார்த்து அலறின. "உசுரோட இருக்கறவங்களுக்கும் நான்தான்டா டாக்டர்" என்று நீ சிரிப்பாய்.

போன கோடையில் ஒரு நாள் உனக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு வந்தேன். மலை காய்ந்து அனல் வீசிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டு வராந்தாவில் ஒரே கூட்டம். அடி அண்ணாமலையில் சோடாக் கடை வைத்திருந்தவர் நெஞ்சுவலியில் இறந்திருந்தார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த முகம். அவருடைய ஒரே மகன் சேகர் துபாயில் இருந்தான். அவன் பம்பாய் வந்து, மதராஸ் வந்து, பஸ் பிடித்து வந்து சேர நாலைந்து நாள் ஆகும். அதுவரை மரத்தூளும் ஐஸ் கட்டியும் தாங்காது.

இறந்தவரின் அண்ணன் ஏழுமலை உன் முன்னால் வந்து நின்றார்.

"வீட்ல எல்லாரும் சம்மதம், டாக்டரம்மா. ஆரம்பிங்க."

"அவரு சம்சாரத்துக்கிட்ட கேட்டீங்களா?"

"ஊசி போட்டு வெக்கறோம்னு சொன்னேன். தலையாட்டிடுச்சு."

"அது ஊசி இல்லைங்க."

"இன்னாம்மா இது! ஊரே ஊசினுதான் சொல்லுது. அறுப்பாங்கனு சொன்னா அது ஒத்துக்குமா?"

"அதனாலதாங்க சொல்லணும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பையனுக்குத் தந்தி அடிச்சிட்டேன், உங்கப்பன் மொகத்தைப் பாக்கலாம் வாடானு. அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டா, இன்னா செய்வீங்க?"

"கையைக் கழுவிட்டு வந்துடுவேன்."

"அப்ப அவன் யார் மொகத்தைப் பாப்பான்? எங்க மொகத்தையா? படிச்சவங்க எல்லாம் காலம் கடத்தறதுக்குனே படிச்சிட்டு வரீங்க!"

உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கும் பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டால் அந்த அம்மா மறுத்துவிடலாம். மறுத்தால் சாயங்காலமே எரித்துவிடுவார்கள், சேகருக்கு அப்பாவின் முகம் கிடைக்காது. கேட்காவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். இருந்தும், கேட்பதற்காகவே நீ வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தாய். கேரியரைக் கையில் வைத்துக்கொண்டே நானும் பின்னால் வந்தேன்.

தனக்கோட்டியம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது அழுது ஓய்ந்த முகம். நீ அவருக்கு நேராக, வெறும் தரையில் உட்கார்ந்தாய்.

"அம்மா, உங்ககிட்ட ஊசினு சொல்லியிருக்காங்க. ஊசி மட்டும் இல்லைம்மா. தொடையில கொஞ்சம் கீறுவேன். ரத்தக்குழாயைத் திறந்து, அது வழியா உடம்பு பூரா மருந்து ஏத்துவேன். வயித்துலயும் குத்தி மருந்து விடணும். அப்புறம் தைச்சிடுவேன். உடம்பு கெடாது, மொகம் மாறாது. ஆனா கட்டை மாதிரி வெறைச்சிடும். மருந்து நெடி இருக்கும், கிட்ட வந்தா கண்ணு எரியும். இதெல்லாம் தெரிஞ்சிக்கிட்டு நீங்க சரினு சொன்னாதான் செய்வேன்."

"ஐயோ, அறுக்கறாங்களாமே!" என்று ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டாள். ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

தனக்கோட்டியம்மா அந்தப் பெண்ணைக் கையமர்த்தினார். "இரும்மா. இந்தப் பொண்ணு ஒண்ணுதான் எனக்கு எல்லாத்தையும் சொல்லுது." பிறகு உன்னிடம் கேட்டார்: "வெறைச்சிடும்னியே. வாயி தொறக்குமா?"

உனக்கு உடனே புரியவில்லை.

"எம்புள்ள வந்து வாய்க்கரிசி போடணுமே, தாயி."

இத்தனை புத்தகம் படித்த உன்னை யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி அது என்று உன் கண்ணில் தெரிந்தது. யோசித்துச் சொன்னாய்: "தொறக்காதும்மா. இப்ப எப்படி வெக்கறேனோ அப்படியே நின்னுடும். அரிசி போடணும்னா கொஞ்சம் தொறந்தாப்லதான் வெக்கணும். வாயை மூடி வெச்சா மொகம் பாக்க அழகா இருக்கும்."

"அழகுக்கா வெக்கறோம்? அரிசிக்கு எடம் வுட்டு வெய்யி. மொகம் எப்படி இருந்தாலும் அவன் அப்பன் மொகம்தானே."

"அப்ப செய்யட்டுமா?"

"செய்யி."

நீ எழுந்து உள்ளே போனாய். கதவு சாத்தும் முன் உன் குரல் கேட்டது: "ஐயா, ஆரம்பிக்கிறேங்க." வீட்டுக்கு வந்த பிறகு, செத்துப்போனவருக்கு அது கேட்கவா போகிறது என்று நான் பெரிய அறிவாளி மாதிரி கேட்டேன். "அவருக்குக் கேக்காதுடி. நான் கேக்கணும் இல்ல?" என்றாய். கேட்பது என்ற ஒரே சொல்லில் காதுக்கும் மரியாதைக்கும் இடம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதை வானவில் கணக்கில் சேர்க்காதே, அக்கா. உண்மையாகவே அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சேகர் வந்த அன்று நீ என்னையும் அடி அண்ணாமலைக்குக் கூட்டிப்போனாய். உன் கைவேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாய். அவரைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். கடையில் சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு அசதியில் கண்ணயர்ந்தவர் போலவே இருந்தார். உதடுகள் மட்டும் இம்மியளவு பிரிந்திருந்தன. ரோட்டிலேயே பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்த சேகர், கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்தான்.

"யம்மா, நைனா இன்னாவோ சொல்ல வராப்ல கீதே."

"உன்னைத்தான்டா கூப்புடறாரு" என்றார் தனக்கோட்டியம்மா. "அரிசி போடு."

அவன் போட்டான். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. ஏழுமலை உன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், "வாயை மூடித் தைச்சிருப்பேன்டி. கேக்காம இருந்திருந்தா அழகா மூடித் தைச்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னாய். அப்புறம் ஊர் வரும்வரை ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேலூருக்குக் கொண்டுபோனோம். ஒரு வாரம்கூட நீ தாங்கவில்லை. அப்பாவுக்கு அஸ்ஸாமில் ரயில்வே வேலை. வந்து சேர எப்படியும் நாலு நாள் ஆகும். சித்தப்பா அம்மாவிடம், "அண்ணி, அண்ணன் வர்ற வரைக்கும் ஊசி போட்டு வெச்சிடலாம்" என்றார். அம்மா எதுவும் காதில் விழாதவள் போலத் தலையாட்டினாள்.

அக்கா, நான் வாய் திறந்திருக்க வேண்டியதில்லை. அம்மாவின் அந்தத் தலையாட்டலோடு விட்டிருந்தால் அப்பா உன்னைப் பார்த்திருப்பார். ஆனால் தனக்கோட்டியம்மா எதிரில் நீ தரையில் உட்கார்ந்தது கண்முன் நின்றது. "அது ஊசி இல்லை சித்தப்பா. டாக்டரை வரச் சொல்லுங்க. அம்மாகிட்ட முழுசா சொல்லட்டும்" என்றேன். டாக்டர் வந்து சொன்னார். அம்மா நிமிர்ந்தாள். இப்போதுதான் கேட்டது போல எல்லாவற்றையும் கேட்டாள்.

"வேணாம். எம்பொண்ணு மேல கத்தி படக் கூடாது."

"அவ செஞ்ச வேலையே இதானே, அண்ணி..." என்றார் சித்தப்பா.

"அவ செஞ்சா. நான் வேணாங்கறேன்."

அந்த டாக்டர் மறுபேச்சில்லாமல் போய்விட்டார். நீயாக இருந்தாலும் அப்படித்தான் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பாய் என்று நினைக்கிறேன். அப்பா வந்தபோது வெறும் சாம்பல் கலயம்தான் இருந்தது. "யார் வேணாம்னது?" என்றார். "நான்தான். கேட்டாங்க, சொன்னேன்" என்றாள் அம்மா. அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு உன் முகம் கிடைக்காமல் போனது என்னால்தானோ என்று சில நாள் தோன்றுகிறது. இதற்கு உன்னிடம்தான் பதில் இருக்கும், நீயோ இல்லை. என்னிடம் இருப்பது உன் குரல்தான்: அது ஊசி இல்லைங்க. யாராவது ஒரு பெரிய விஷயத்தை வாய்க்கு எளிதான சின்னச் சொல்லுக்குள் மடித்துக் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் குரல் எனக்குள் எழுந்து நிற்கிறது. அது வேண்டாம் என்ற பதிலையும் வாங்கிக்கொள்ளத் துணிந்த குரல்.

அம்மா வாசற்படியில் வந்து நிற்கிறாள். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, "லைட்டை நிறுத்தட்டுமாடி?" என்றாள். முன்பெல்லாம் கேட்கமாட்டாள், அக்கா. நேராக வந்து நிறுத்திவிடுவாள்.

சரி என்றேன். விளக்கை நிறுத்திவிட்டாள்.