மயிலையின் மணி

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.

இன்று கொல்லையில் இருந்தவர்கள்: மகன் சேகர், மருமகள் வனிதா, ஓரகத்தி செல்லம்மா, என் வீட்டுக்காரர், நான்.

மழை பிடிப்பதற்குள் பூச்செடி வைக்க வேண்டும் என்று வனிதா ஒரே பிடியாக நின்றாள். சேகர் தென்னைக்குப் பக்கத்தில் வெட்டினான். முழங்காலளவு ஆழத்தில் மாட்டு எலும்பு. கூடவே ஒரு வெண்கல மணி. அதில் செல்லம்மாவின் அப்பா பெயர் வெட்டியிருந்தது.

"ஆத்தாடி, எங்கப்பா சீரா குடுத்த மயிலை!" என்று மணியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதாள்.

எனக்கும் சீராக ஒரு பசு வந்தது, செவலை. சேகரைப் பெறத் தாய்வீடு போய்த் திரும்பியபோது தொழுவம் காலி. இரண்டையும் லாரியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். இத்தனை வருடமும் நம்பினேன்.

"மயிலைய வித்ததாத்தானே சொன்னீக?" என்றேன்.

"இல்லக்கா, நோவுல செத்துச்சு. நா அழுததப் பாத்துட்டு அத்தான்தான் குழி வெட்டுனாக. மஞ்சத்தண்ணி ஊத்தி, கோடித்துணி போத்திப் பொதச்சோம்."

செவலையை லாரியில் ஏற்றியதும் அதே அத்தான்தான், என் வீட்டுக்காரர். எனக்கு ஒரு மணிகூட மிச்சமில்லை.

அவரைப் பார்த்தேன். "மாட்டுக் கதை இப்ப எதுக்கு? சோத்தப் போடு" என்றார்.

செல்லம்மாவை விட்டுவிடலாம். அவள் மாட்டுக்கு அவள் அழுதாள். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர் ஒன்று இருக்கிறது. ரேஷன் கடையில்கூட சேகரைத்தான் சொல்லச் சொல்வேன். இன்று என் கையாலேயே எழுதுகிறேன். மன்னிக்க மாட்டேன்.

கருப்பையா.