பேட்டரியைத் தின்ற பெட்டி

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் காமினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் சுகம், என் மைவி காரும் சுகம், நீயும் டப்ளின் குளிரில் அந்த இருமல் விட்டு நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று எழுதியதை இன்னொரு தடவை படித்துக்கொள், ஏனென்றால் அந்தக் காடி செத்துப்போச்சும்மா, வித்துத் தொலைங்க என்று நீ மூன்று வாரமாகப் போனில் பாடிக்கொண்டிருக்கிறாய், வரும் சனிக்கிழமை சுகுமாரன் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து காரை எடுத்துப் போவதாகவும் நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டீர்கள். அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃபேக்டரி வேலையை விட்டபோது வந்த பணத்தில் நான் வாங்கிய கார், கெரான் பத்திரம் என் பெயரில் இருக்கிறது, விற்க மாட்டேன். இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே போன் அடித்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுக்கப் படி.

கெப்பாலா பத்தாஸில் உன் சின்னம்மா ரமணிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் கள்ளத்தனமாகக் குவே பலகாரம் தின்கிறாள், நான் போனால்தான் டப்பாவை ஒளித்து வைப்பாள். அவள் மகன் சுகுமாரன் மாக் மண்டினில் கார் ரேடியோ, அலாரம் மாட்டும் வேலையில்தான் இருக்கிறான், அவன் சங்கதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் கார் கதையைக் கேள். மூன்று நாள் நிறுத்தி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆயர் ஈத்தாம் பாசாரில் ஒரு நாள் நிறுத்திவிட்டு மீன் வாங்கப் போனேன், திரும்பி வந்தால் வண்டிக்கு உயிரே இல்லை, கொட்டும் மழையில் மீனும் கையுமாக நின்றேன். ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். புது பேட்டரியும் அதே போல் படுத்துக்கொண்டது. அடுத்த பட்டறைக்காரர் ஆல்டர்னேட்டர் போயிருச்சு ஆண்ட்டி, மாத்திருவோம் என்றார். சுகுமாரன் பழைய காடி லா பெரியம்மா, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க என்றான். ஒருத்தராவது மீட்டரை எடுத்து ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தார்களா என்றால் இல்லை. எனக்கு வந்ததே கோபம். பயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் தலை நரைக்கும் வரை சர்க்யூட் போர்டு டெஸ்ட் பண்ணியவள் நான், அளந்து பார்க்காமல் சாமானை மாற்றுகிறவனை எங்கள் லைனில் ஒரு நாள் விட்டு வைக்க மாட்டார்கள். நேரே சாமான் கடைக்குப் போய் ஒரு மீட்டர் வாங்கி வந்தேன்.

காலையில் பசியாறிவிட்டு போனட்டைத் திறந்தேன். டெர்மினல் இரண்டிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. சோடா மாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாசலின் தடவினேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில், நீ அங்கே கார் வாங்கினால் இதை மறந்துவிடாதே, ஸ்பானர் பட்டுத் தீப்பொறி பறக்கும். பேட்டரியைச் சார்ஜ் பண்ணி எஞ்சினை ஓடவிட்டு அளந்தால் பதினாலு வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, அப்படியென்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் குத்துக்கல்லாக இருக்கிறது, அந்தப் பட்டறைக்காரர் என்னை ஏமாற்றப் பார்த்தார். ஓடும்போது எல்லாம் சரி, நின்றால்தான் வடிகிறது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்து, கதவையெல்லாம் சாத்திவிட்டுக் கார் அடங்கும் வரை காத்திருந்தேன். பூட்டிக் கிடக்கும் காரில் கடிகாரமும் அலாரமும் ஒரு துளி குடிக்கும், அது நியாயம், ஆனால் மீட்டரோ அதைப் போலப் பத்து மடங்கு காட்டியது. பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணைப் பார்த்தேன். ஹாரன், விளக்கு, வைப்பர் எதற்கும் அசையவில்லை. ரேடியோ பியூஸைப் பிடுங்கியதும் எண் தடாலென்று இறங்கிவிட்டது. சரி, ரேடியோதான் திருடன் என்று அதைக் கழற்றிவிட்டு பியூஸைத் திரும்பப் போட்டேன், பழைய எண்ணே வந்து நிற்கிறது! பக்கத்து வீட்டு ஹமீதாக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், பேசவில்லை, அது வேறு கதை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். ரேடியோ ஒயரிலிருந்து இன்னொரு ஒயர் கிளை பிரிந்து போயிருந்தது. அதன் முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, டேப் போட்டுச் சுற்றி உள்ளே செருகியிருந்தது, திறந்தால் சிம் கார்டு.

சுகுமாரனுக்கு வீடியோ கால் போட்டுப் பெட்டியைக் கேமரா முன்னால் ஆட்டினேன். பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஐயோ பெரியம்மா ஏசாதீங்க, காமினி அக்காதான் தீபாவளிக்கு வந்தப்ப மாட்டச் சொன்னாங்க, நீங்க எங்க போறீங்கன்னு அவங்க போன்ல தெரியும், அது மலிவு சாமான் லா, தூங்கவே தூங்காது போல, அதான் பேட்டரிய இழுத்திருக்கு என்றான். பெட்டி என்னிடம் அகப்பட்டதை அவன் உன்னிடம் சொன்னானோ இல்லையோ தெரியாது. என்னைக் காப்பாற்ற வைத்த சாமான்தான் காமினி, என்னை மழையில் நிறுத்தியது. அது தின்று தீர்த்த பேட்டரியைக் காட்டித்தான் நீ காரையே பிடுங்கப் பார்த்தாய்.

அதைவிட என் வயிறு எரிவது ஹமீதாக்காவுக்காக. எதுக்கும்மா தனியா தெலுக் பஹாங் வரைக்கும் போனீங்க என்று நீ போனில் கேட்டாயே, அன்று நான் கிளம்பியதைப் பார்த்தது அவர் ஒருவர்தான். அவர்தான் உன்னிடம் கோள் மூட்டினார் என்று நினைத்து நான் பேச்சை நிறுத்திவிட்டேன், பாசாருக்குக் கூட்டிப் போவதையும் நிறுத்திவிட்டேன், வீங்கின முட்டியோடு அந்த மனுஷி பஸ் ஏறிப் போய் வந்தார். பெட்டியை எடுத்த அன்றே போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். எனக்கு உன் மக நம்பரே தெரியாது லா தனம் என்று சிரித்தார். சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. தெலுக் பஹாங்குக்கு எதற்குப் போனேன் என்று உனக்குச் சொல்லப் போவதில்லை, என் இஷ்டம்.

உனக்குப் பயம், எனக்குத் தெரியாதா? உன் அப்பா மோட்டார் சைக்கிளில் போனவர் ரோட்டோரம் மயங்கி விழுந்து, சாயங்காலம் வரை எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் நாம் அல்லாடினோம். அந்த நாள் உனக்கு ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை, அவர் என் புருஷன். அதற்காக நான் மிச்ச காலத்தை ஒரு திரையில் ஓடும் புள்ளியாக வாழ வேண்டுமா? என்னிடம் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை கடைசியில் சரி என்றும் சொல்லியிருப்பேன். நீ கேட்கவே இல்லை, எனக்குத் தெரியாமல் என் காருக்குள் கை வைத்தாய். நீ வெளிநாடு போகிறேன் என்றபோது உன் பெரியப்பா வீட்டுக்கு வந்து, பொம்பளப் புள்ளைய தனியா அனுப்பிட்டு அங்க என்ன பண்றா ஏது பண்றான்னு யாரு பாக்கறது என்று குதித்தார். என் மகளைக் கேட்டால் அவள் சொல்லுவாள், வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு உன்னை விமானம் ஏற்றினேன். அன்றிலிருந்து இன்றுவரை அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இனிமேல் சனிக்கிழமை சனிக்கிழமை நானே போன் பண்ணி அந்த வாரம் ஓட்டியது எல்லாம் சொல்கிறேன். நடுவில் மனசு கேட்காவிட்டால் கூப்பிடு, எங்கம்மா இருக்கீங்க என்று கேள், ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறேன். நீ நோய் நொடி இல்லாமல் மகராசியாக இருக்க வேண்டும், இருமலுக்கு மிளகு ரசம் வைத்துக் குடி, கடிதம் கிடைத்த வாரத்துக்குள் ஹமீதாக்காவுக்குப் போன் போட்டுப் பேசு, நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அந்தப் பெட்டியையும் சுற்றி அனுப்பியிருக்கிறேன். ஒரு மாசம் உன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நட, நீ எந்தத் தெருவில் யார் வீட்டு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாய் என்று நான் இங்கே உட்கார்ந்து பார்க்கிறேன். முடியாது என்றுதானே சொல்வாய்? எனக்கும் முடியாது.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
தனலெட்சுமி தங்கராஜு