ஜூன் ஒன்றில் பிறந்தவன்

செம்மநத்தம்,
10 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மலர் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பாதி நேரம் அம்மா பேசுகிறார்கள், மீதியை அப்பா பேசுகிறார், என் கைக்கு வரும்போது நீங்கள் ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். அவர்களை நடுவில் வைத்துக்கொண்டு நம்ம ஆட்ட விஷயத்தைப் பேசவும் முடியாது. அதனால்தான் லாட்ஜ் கம்ப்யூட்டரிலிருந்து இந்த மெயில்.

உங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் பாதியில் விட்டுப்போன டீமை எனக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். சந்தோஷம். ஆனால் பட்டியலைப் பார்த்தேன். பதினோரு டீமுக்கு ஆளின் பெயர் இருக்கிறது. பன்னிரண்டாவதற்கு மட்டும் 'வெங்கட்டின் தங்கை' என்று போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் நான் வெங்கடேஷ் தங்கச்சி. நாகலூர் பஸ் கண்டக்டருக்கும் அப்படித்தான். லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி கந்தசாமிகூட, "வெங்கடேசு தங்கச்சியா? அப்பச் சரி" என்றார். கடல் தாண்டியாவது எனக்கு ஒரு பெயர் வேண்டாமா அண்ணா?

அப்பாவுக்கு இந்த ஆட்டத்தை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெயர்தான் கால்பந்து, கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் என்றேன். நாங்கள் ஓட மாட்டோம், நிஜமாக ஓடுகிறவர்களை ஆளாளுக்குப் பெயரளவில் எடுத்துக்கொள்வோம், அவர்கள் களத்தில் எடுக்கும் புள்ளி எங்கள் கணக்கில் சேரும் என்றேன். எடுத்தவர்களை வருஷா வருஷம் வைத்துக்கொள்ளலாம். காலேஜ் முடித்து வரும் புதுப் பசங்களை மே மாதம் வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், போன வருஷம் கடைசியில் வந்த டீமுக்கு முதல் வாய்ப்பு என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா, "ஏஞ்சாமி, அந்தப் பசங்களுக்கு நாம சோறு கீறு போடோணுமா?" என்றார்.

என் டீம் கடைசி என்பதால் முதல் வாய்ப்பு எனக்கு. உங்கள் டீம் கடைசிக்கு முந்தினது, அதையும் பார்த்தேன். இரண்டாவது வாய்ப்பு உங்களுக்கு. பாவம்.

இப்படிக்கு,
வெங்கடேஷ் தங்கச்சி
(வேறு பெயர் கிடைக்கும்வரை)


கொலம்பஸ்,
17 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி மலருக்கு,

உன் மெயிலைப் படித்துவிட்டு ஆபீசில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பெயர் விஷயத்தை எங்கள் லீக் தலைவர் டக்கிடம் கேட்டேன். நல்ல மனுஷன், ஆனால் சட்டம் பேசுவார். ஒரே குடும்பத்தில் இரண்டு டீம் என்றால் இரண்டையும் ஒரே ஆள்தான் நடத்துவான் என்று மற்றவர்களுக்குச் சந்தேகமாம். அதனால் இந்த ஒரு வருஷம் உன் இடம் என் பெயரில் இரவல். சீசன் முடிந்ததும் எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தால் உன் பெயரில் டீம், இல்லையென்றால் டீமை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதுவரை நமக்குள் ஆள் மாற்றிக்கொள்ளக் கூடாது. தேர்வு பற்றி நான் உனக்கு ஒரு வார்த்தை யோசனை சொல்லக் கூடாது. டக்குக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே.

அன்புடன்,
வெங்கடேஷ்


செம்மநத்தம்,
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொல்லத்தானே கூடாது, கேட்கலாம் இல்லையா? எனக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். லாட்ஜில் என்னோடு வேலை செய்யும் மரியசெல்வியிடம் சொன்னேன். அவள் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஆறு வாரமாகக் காலேஜ் ஆட்டங்களைப் பார்க்கிறேன். எல்லோரும் பந்து வரும் காட்சிகளைத்தான் பார்க்கிறார்கள். நான் பந்து வராத காட்சிகளைப் பார்க்கிறேன். பந்து தனக்கு வராது என்று தெரிந்தும் ஒருவன் முழு வேகத்தில் ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து நின்றுவிடுகிறானா? அப்படிப் பார்த்ததில் கோடி ப்ரென்னர் என்று ஒருவன் கிடைத்தான். சின்னக் காலேஜ், யாரும் அவனைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் ஒரு தடவைகூட நின்று நான் பார்க்கவில்லை. அந்த டீம் எறிந்த பந்தில் பாதியை அவன்தான் பிடித்திருக்கிறான்.

எல்லோரும் முதல் ஆளாகச் சொல்வது ஜமால் விட்டேக்கரை. இருபது வயதிலேயே இவ்வளவு ஆடுகிறான் என்கிறார்கள். சின்ன வயதில் பெரிய பசங்களோடு மோதி ஜெயிப்பவன்தான் பின்னால் பெரிய ஆளாவான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவன் பிறந்த தேதியைப் பார்த்தீர்களா? ஜூன் ஒன்று.

அண்ணா, நம்ம பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்று. உங்களுக்கு ஜூன் இரண்டு, எனக்கு ஜூன் மூன்று. நான் தை மாதம் சாமை அடிக்கிறபோது பிறந்தேன் என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். பள்ளியில் சேர்க்கிற அன்று ஹெட்மாஸ்டர் எழுதியதுதானே நம்ம பிறந்தநாள்? விட்டேக்கருக்கும் ஏதோ ஒரு ஹெட்மாஸ்டர் போட்டிருக்கிறார். ஆளைப் பார்த்தாலே இருபத்திரண்டு, இருபத்துமூன்று தெரிகிறது. தன்னைவிடச் சின்னப் பசங்களை முட்டித் தள்ளுவது ஒரு திறமையா? அவனை நான் தொடப் போவதில்லை.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? உங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

அன்புடன்,
மலர்


கொலம்பஸ்,
5 மே 2024

அன்பு மலருக்கு,

உன் மெயில் வந்தது. இரண்டு தடவை பதில் எழுதி அழித்தேன். டக்குக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான்.

இங்கே குளிர் விட்டது. புல் வெட்டினேன். அம்மாவுக்கு வலிக்குத் தடவும் களிம்பு அனுப்பியிருக்கிறேன். மிளகுக் கொடிக்கு மேலே அப்பா நிழல் மரக் கிளை கழித்தாரா என்று கேள். வேறு எதுவும் எழுத வரவில்லை.

அன்புடன்,
வெங்கடேஷ்


ஏற்காடு,
26 மே 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம், எனக்கு ஞாயிறு விடியல். கோடை விழாக் கூட்டத்தில் லாட்ஜில் ஒரு ரூம்கூடக் காலியில்லை. ஒரு கையால் சுடுதண்ணி பக்கெட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டு, மறு கையால் கோடி ப்ரென்னர் பெயரை அழுத்தினேன். உங்கள் நண்பர்கள் அனுப்பிய சிரிப்புப் பொம்மைகள் திரை நிறைய வந்தன.

அடுத்தது நீங்கள். விட்டேக்கரை எடுத்தீர்கள். மனசு கேட்கவில்லை அண்ணா. அத்தனை விளக்கமாக எழுதியும் போய் ஏமாந்துவிட்டீர்களே. யோசனை சொல்லக் கூடாது என்பது உங்களுக்குத்தான், நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

அப்பா வாழவந்தி வரைக்கும் போய், "எம்புள்ள அமெரிக்காவுல ஒரு டீமு வெச்சிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஸ்டேடியம் எத்தனை ஏக்கர் என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

அன்புடன்,
மலர்


செம்மநத்தம்,
17 நவம்பர் 2024

அண்ணா,

நேற்று விட்டேக்கரைப் பற்றி ஒரு படம் பார்த்தேன். அவன் அம்மா பேசினார். கையில் ஒரு போட்டோ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரும், துணியில் சுற்றிய குழந்தையும். குழந்தையின் காலில் கட்டிய பட்டையில் தேதி. 2003, ஜூன் ஒன்று. அங்கே பிறந்த அன்றே எழுதிவிடுவார்களாம். ஹெட்மாஸ்டருக்கு வேலையே இல்லையாம்.

உடனே உங்கள் மே மாத மெயிலை எடுத்துப் படித்தேன். புல் வெட்டினேன், களிம்பு அனுப்பினேன். உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவனை எடுத்தீர்கள்.

லாட்ஜ் ஸ்டோர் ரூமில் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். சொந்த அண்ணன் ஒரு வரி எழுதக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. இன்று காலை வீட்டில், லீக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா களத்தில் காப்பிப் பழம் கிளறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கிளறிக்கொண்டே யோசித்தேன். நீங்கள் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் விட்டேக்கர் என்னிடம் இருப்பான், ஆனால் டீம் உங்களுடையதாக இருக்கும். மற்றவர்கள் சந்தேகப்பட்டதுதான் நிஜமாகியிருக்கும். என்னை எதிரே நின்று ஆடுகிற ஒருத்தியாக முதல்முதலில் நடத்தியது நீங்கள்தான். அதை நினைத்தால் அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை.

தப்பு என்னுடையது. அது என்னுடையதாகவே இருக்கட்டும். ப்ரென்னரும் என்னுடையவன். மூன்று வாரமாக எப்படி ஆடுகிறான் பார்த்தீர்களா? முன்னால் இருந்தவனுக்குக் கால் பிசகியதும் இவனை இறக்கினார்கள், இன்னும் நிற்கவில்லை. சிரிப்புப் பொம்மை அனுப்பியவர்களில் இருவர் அவனைக் கொடுக்கிறாயா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன்.

அரையிறுதியில் உங்களைச் சந்திப்பேன் போலிருக்கிறது. தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். நானும் பார்க்க மாட்டேன்.

மலர்


கொலம்பஸ்,
13 ஜனவரி 2025

அன்பு மலருக்கு,

அரையிறுதியில் உன்னை நான்கு புள்ளியில் ஜெயித்ததற்கு இதுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. விட்டேக்கர் கடைசி நிமிஷத்தில் அந்தப் பந்தைப் பிடித்தபோது நான் சோபாவில் குதித்தேன். பிறகு உன் முகம் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நான் இறுதியில் தோற்றது உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

நேற்று ஓட்டெடுப்பு. ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, வெங்கட் சொல்லிக் கொடுத்துத்தானே அந்தப் பெண் ஆடியிருக்கும்?" என்றார். நான் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. நீ கோபித்தாலும் பரவாயில்லை, ஜூன் ஒன்று கதையைச் சொல்லிவிட்டேன். நம்ம ஹெட்மாஸ்டர், உன் தை மாதம், என் ஜூன் இரண்டு, நான் புல் வெட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து முடிக்கவே நேரமானது. டக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிக் கொடுக்கிறவன் விட்டேக்கரை விட்டிருப்பானா? ப்ரென்னரை நம்மில் ஒருத்தராவது பார்த்தோமா?" என்று கேட்டார். கேள்வி கேட்டவர்தான் முதலில் கை தூக்கினார். அத்தனை கையும் உயர்ந்தது. என் கை மட்டும் இல்லை. தங்கைக்கு நான் ஓட்டுப் போடக் கூடாதாம், அதற்கும் சட்டம் வைத்திருக்கிறார். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் மலர்.

இனி நீ என் பெயரில் இல்லை. பட்டியலைப் பார். அதோடு ஒரு வேலையும் வந்திருக்கிறது. அடுத்த தேர்வுக்கு முன்னால் பந்து வராத காட்சிகளில் நீ பார்த்ததை எழுதி அனுப்ப முடியுமா என்று டக் கேட்கச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லி உன் டீமை நீயே கெடுத்துக்கொள்ளாமல் ஜாக்கிரதையாக யோசித்துச் செய். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இன்று காலை ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு எல்லோரையும் அறிமுகம் செய்துகொண்டு வந்தார் டக். என் சீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதைக் கேட்டு அந்தப் பையன் நிமிர்ந்து நின்று கை கொடுத்தான். அதையே கீழே போட்டிருக்கிறேன். அப்பாவிடம் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
மலருடைய அண்ணன்