இருநூறு சொந்தக்காரர்கள்

செண்பகனூர்,
5.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள். ராத்திரி மணி பதினொன்றரை. பிள்ளை அகிலன் இருமி இருமி இப்போதுதான் தூங்கினான். போனில் பேசினால் இரண்டு பேருமே கத்திவிடுகிறோம், அதனால்தான் கடிதம்.

இன்று நகராட்சியிலிருந்து வந்தார்கள். உரிமம் இல்லாமல் மாடியைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டதாக நோட்டீஸ். பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். இல்லாவிட்டால் மாடிக்கு சீல், அபராதம், பிறகு கோர்ட்டில் வழக்கு. வீடு உங்கள் பேரில். நோட்டீஸ் என் பேரில். தங்குகிறவர்கள் பேரை எழுதும் நோட்டில் கையெழுத்து என்னுடையதாம்.

"லைசென்ஸ் கைக்கு வர்றவரைக்கும் எல்லாரையும் உறவினர்னு எழுது" என்றீர்களே, அப்படியே எழுதிவைத்திருந்தேன். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரு சீசனுக்கு இருநூறு சொந்தக்காரங்களா? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கே இம்புட்டுப் பேரு வரலையே" என்றார். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்த குஜராத்திக்காரர் இறங்கிவந்து, வெந்நீர் வரவில்லை என்று இந்தியில் கேட்டார். "இவரு சித்தப்பாவா, பெரியப்பாவா?" என்றார் அதிகாரி. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன் அண்ணே.

சாயங்காலமே வக்கீல் லீலா அக்காவைப் பார்த்தேன். "சட்டம் தெரியாதுன்னா எடுபடாது. வீட்டு ஓனர் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாச்சுன்னு சொன்னாரு, அதை நம்பி நடத்துனேன்னு காட்டுனா உன் பக்கம் ஒரு நியாயம் நிக்கும்" என்றார். தை மாதம் விண்ணப்பம் கொடுத்ததாகச் சொன்னீர்களே, அந்த ரசீது நகலை அனுப்பிவையுங்கள். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
தாரணி

*

அய்யம்பாளையம்,
8.6.2025

அன்புள்ள தாரணிக்கு,

கடிதம் கிடைத்தது. அகிலனுக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடு. மதினி உனக்காக மாங்காய் எடுத்துவைத்திருக்கிறாள், மலை மேலே வருகிற பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் விண்ணப்பம் கொடுக்கவே இல்லை. மாடி கட்டினதற்கே அனுமதி வாங்கவில்லை. உரிமம் கேட்டுப் போனால் அதுவும் வெளியே வருமே என்று விட்டுவிட்டேன். சொன்னால் நீ பயப்படுவாய் என்றுதான் கொடுத்ததாகச் சொன்னேன்.

நான் அரசுப் பள்ளி வாத்தியார். என் பேர் வழக்கில் வந்தால் சஸ்பெண்டு கூட ஆகலாம். நீ வீட்டில் இருக்கிறவள், உனக்குப் போவதற்கு வேலை ஒன்றும் இல்லை. அண்ணனுக்குத் தெரியாமல் நானே நடத்தினேன் என்று எழுதிக் கொடுத்துவிடு. அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன். நீ எனக்குச் செய்யாமல் வேறு யார் செய்வது?

உன் அண்ணன்,
ஜெயமுருகன்

*

செண்பகனூர்,
13.6.2025

அண்ணனுக்கு,

மாங்காய் வந்துசேர்ந்தது. அகிலனுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

போவதற்கு வேலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குரூப் ஃபோர் தேர்வில் தேறியிருக்கிறேன். அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்பு. வேலை உத்தரவு கைக்கு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பிள்ளை தூங்கின பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்தது. வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

நடத்தியது நான்தான். உறவினர் என்று பொய்யாக எழுதியதும் என் கைதான். இரண்டையும் ஒப்புக்கொண்டு பதில் எழுதிவிட்டேன், அதற்கு விதிப்பதை ஏற்றுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் எழுத முடியவில்லை. ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். அகிலன் அப்பா வாங்கிப் படித்துவிட்டு, "முதப் பொய்யே நோட்டு பூராம் கெடக்கு, இன்னொண்ணு வேறயா?" என்று கிழித்துப் போட்டார்.

"அப்ளிகேஷன் குடுத்தாச்சு, தைரியமா நடத்து" என்று தையில் நீங்கள் போனில் அனுப்பிய செய்தியை அச்செடுத்துச் சேர்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைச் சேர்க்கவில்லை. லீலா அக்காவிடம் காட்டவும் இல்லை.

வீட்டு உரிமையாளரே முன்வந்து ஒப்புக்கொண்டு, மாடியை மூடிவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் அபராதத்தோடு முடிய வழி இருக்கிறது என்கிறார் அக்கா. இரண்டு பேருக்குமே. கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு நகராட்சி வாசலில் இருப்பேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் இதைக் கொடுத்துவிடுவேன் அண்ணே. ஆனால் தனியாகக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

வருகிறீர்களா, இல்லையா? அதை மட்டுமாவது வெரசாக எழுதிப் போடுங்கள்.

தாரணி