வாத்து அச்சில் ஊற்றிய உப்புச் சோப்பு

செருப்பைக் கழற்றுவதற்குள் "சாப்பிட்டியாடி?" என்று கேட்டுவிடும் என் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரும் என்று நான் நம்பவில்லை. உனக்கும் அது தெரியும். உன் படையலன்று காக்கை வந்து சோற்றை எடுத்ததும் எல்லோரும், அது நீதான் என்று நம்பாத என் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஆனாலும் ஒரு செய்தி இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும் என்பதால் உனக்கே எழுதுகிறேன். நல்ல செய்திதான், பயப்படாதே.

நீ போன பிறகு உன் வூட்டுக்காரர் சோப்பைத் தொடவில்லை. நீ கடைசியாகப் போட்ட உப்புச் சோப்பில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். உன் மகள் மலர் கடைச் சோப்பு வாங்கி வந்தாள். அது உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருவார். பாதி ஆயுள் செராமிக் பட்டறையில் களிமண் கரைசலை அச்சில் ஊற்றிய கை அல்லவா அது? வெடித்து, ஓரமெல்லாம் கருத்துப் போயிற்று.

அப்புறம் சவரம் நின்றது. அப்புறம் ஜங்ஷன் ரோட்டு டீ. மலர் தான் குடியிருக்கும் கம்மாபுரத்திலிருந்து போன் செய்து அழுதாள்.

"சித்தி, அப்பா ஒண்ணொண்ணா வுட்டுக்கிட்டே வராரு. அடுத்தது சோறுதான். நீங்கதான கெமிஸ்ட்ரி டீச்சரு, அம்மா போட்ட மாதிரி சோப்பு போட்டுக் குடுங்களேன்."

"கெமிஸ்ட்ரி படிச்சவ எல்லாம் சோப்பு போட மாட்டா மலரு."

"அம்மா போனைப் பாத்தே போட்டாங்க. ஒங்களால முடியாதா?"

உன் பிள்ளை உன்னைப் போலத்தான் பேசுகிறாள்.

உன் உப்புச் சோப்பை நான் என்றைக்குப் பெரிதாக நினைத்தேன்? "கடல் உப்புல எல்லாச் சத்தும் இருக்குது, தோலு மினுமினுக்கும்" என்பாய். "சத்தெல்லாம் தண்ணியோட சாக்கடைக்குத்தான் போவுது" என்பேன். "அப்ப சாக்கடை மினுமினுக்கட்டும், ஒனக்கு என்னா?" என்பாய். இப்போதும் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் மலர் சொன்ன 'அடுத்தது சோறுதான்' என்ற வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய் எண்ணெய், தூள் உப்பு, காஸ்டிக் சோடா, கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். மலரும் வந்திருந்தாள். மாமா நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. பின்கட்டில் காற்றோட்டமாக உட்கார்ந்து, காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்து ஆற வைத்து, எண்ணெயில் ஊற்றிக் கடைந்தேன். கெட்டியாகிற பதத்தில் உப்பைக் கொட்டினேன். உப்பு விழுந்துவிட்டால் அந்தக் கலவை யாருக்கும் காத்திருக்காது, அது உனக்குத் தெரியும். கழுவி வைத்திருந்த தயிர் கப்புகளை எட்டி எடுக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"இதுலயா ஊத்தப் போற?"

மாமா. கையில் ஒரு பிளாஸ்டர் அச்சு. வாத்துப் பொம்மை வார்க்கிற அச்சு. இரண்டு பாதியையும் சேர்த்து சைக்கிள் டியூப் ரப்பர் போட்டுக் கட்டியிருந்தார். நம் ஊரில் பட்டறை வேலை பார்த்தவர் வீட்டில் இப்படி ஒன்றாவது பரணில் கிடக்கும்.

"இது தண்ணிய இழுத்துக்கும். சட்டுனு இறுகிடும்."

"மாமா, இது களிமண்ணு இல்ல. பிளாஸ்டர்ல கால்சியம் இருக்குது. சோப்பு அதுல பட்டா நுரையே வராது. ஒட்டிக்கும்."

"இந்தக் கையால எத்தினி ஆயிரம் வாத்து ஊத்தியிருப்பேன். எனக்கே பாடம் எடுக்கறியா டீச்சரம்மா?"

நீ போனதிலிருந்து அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அப்போதுதான். நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்? தப்பு என்று தெரிந்தே ஊற்றினேன். என் மாணவிகள் யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் அச்சைப் பிரிக்க உட்கார்ந்தார். வரவில்லை. தட்டினார். கத்தி நுனியை விட்டு நெம்பினார்.

"மண்ணுன்னா காஞ்சி சுருங்கி, தானா வுட்டுக் குடுக்கும். இது என்னா இப்டிப் புடிச்சிக்கிட்டு நிக்குது?"

"சோப்பு சுருங்காது மாமா."

"மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேனே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கடைசியில் சுத்தியல் வந்தது. அச்சு நாலாக உடைந்தது. வாத்தின் கழுத்து பிளாஸ்டருக்குள்ளேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும், ஓரமெல்லாம் சுண்ணாம்பு போல உதிர்ந்தபடி வெளியே வந்தது. அதையும் கையில் தேய்த்துப் பார்க்கப் போனார். தடுத்து, பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த, காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீனை ஒரு சொட்டு விட்டேன். ஓரம் அடர்ந்த ரோஜா நிறமாயிற்று.

"பாத்தீங்களா? காரத்தை எல்லாம் பிளாஸ்டரு ஓரத்துக்கு இழுத்து வச்சிருக்குது. இதைத் தேச்சிருந்தா வெடிச்ச கை வெந்தே போயிருக்கும்."

தலையில்லாத வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கக்கா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "...இதைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாப் போய் காமிச்சிருப்பா!"

சிரித்தார் அக்கா. தோள் குலுங்க, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். மலர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "என்னாச்சு, அப்பாவுக்கு என்னாச்சு?" என்றவள், பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தயிர் கப்பிலேயே ஊற்றினோம். கையுறை போட்டுக்கொள்ள அவ்வளவு முனகல், ஆனால் போட்டுக்கொண்டார். மறுநாளே கப்பைப் பிதுக்கி எடுத்து, ஒரு மாதத்துக்கு மேல் பலகையில் காயவைத்தோம். பட்டறையில் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மையைத் திருப்பி வைப்பதுபோலத் தினமும் ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தாராம். அந்த வேலைக்காகக் காலையில் எழுந்தார். எழுந்ததால் முகம் மழித்தார். மழித்த முகத்தோடு டீக்கடைக்குப் போனார். இதில் சோப்பு செய்தது எவ்வளவு, காலம் செய்தது எவ்வளவு? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அலமாரியில் இருக்கிற உன் சோப்பு அங்கேயே இருக்கிறது.

போன வாரம், மறுபடியும் சொட்டு விட்டுப் பார்த்து, பயமில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் இடைவேளையில் போன்.

"குளிச்சேன். வெடிப்புல கொஞ்சம் எரிஞ்சிது, அப்பறம் அடங்கிடுச்சி. உப்பு தூக்கலு டீச்சரம்மா. அடுத்த வாட்டி கொறச்சிப் போடு."

"அடுத்த வாட்டியா மாமா?"

"பின்ன? இது எத்தினி நாளைக்கு வரும்?"

நான் ஆசிரியர் அறையில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் "ஏதாவது கெட்ட செய்தியா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை, நல்ல செய்திதான் என்றேன்.

கம்மாபுரத்தில் சுரங்கத்துக்கு நிலத்தை எடுப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மலருக்கு அந்தக் கவலை இருக்கிறது. அப்பா பற்றிய கவலையாவது குறைந்ததே. வெடிப்பு இந்தச் சோப்பால் ஆறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. டாக்டர் கொடுத்த களிம்பையும் பூசச் சொல்லியிருக்கிறேன். பூசுகிறார். உன்னிடம் இப்படி ஒழுங்காகச் சொன்னபடி கேட்டிருக்கிறாரா?

அடுத்த தடவை உப்பைக் குறைக்கிறேன். காஸ்டிக் கரைக்கும்போது அவரைப் பக்கத்தில் விடமாட்டேன். உப்புச் சோப்பு தோலுக்கு நல்லதா என்று யாராவது கேட்டால், உனக்காகக்கூடப் பொய் சொல்லமாட்டேன். எங்கள் மாமா அதைப் போட்டுத்தான் குளிக்கிறார் என்று மட்டும் சொல்வேன்.

உன்னோடு கூடப் பிறந்து, உன்னோடு வாதாடியே வளர்ந்த
உன் தங்கச்சி