ரயில் கலைத்த ஆட்டம்

டேய்,

சாப்பாட்டுப் பையை உதறினேன், உன் சிப்பாய் ஒருவன் உருண்டு விழுந்தான். உன் அப்பா கம்பெனியில் கழித்துப்போட்டதைக் கொண்டுவந்து தந்த நட்டு. கிரீஸ் வாசம் இன்னும் போகவில்லை. மோந்து பார்த்ததும் பாசஞ்சர் வண்டியில் உன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் ஏறிப் பொன்னேரிப் பள்ளிக்கூடம் போவதற்குள் ஒரு செஸ் ஆட்டம். நட்டெல்லாம் சிப்பாய், பெயின்ட் அடித்த போல்ட்டெல்லாம் பெரிய மனிதர்கள். வண்டி குலுங்கிக் காய் சிதறினால், என் காயை நீ அடுக்க வேண்டும், உன் காயை நான். சட்டம் போட்டவன் நீ. என் காயை என்னிடமே விட்டால் என் ராஜா பத்திரமான மூலைக்கு நடந்தே போய்விடுவான் என்று உனக்குத் தெரியும்.

திருவள்ளூர்ப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒருத்தன்தான். "நீங்களே ஆடி முடிவு பண்ணுங்கடா" என்று விட்டுவிட்டார் பி.டி. சார். அந்த ஆட்டத்தில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். பொன்னேரிக்கு முன்னால் போட்ட பிரேக்கில் அரசாங்கமே பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது.

பொறுக்கி அடுக்கினோம். நீ என் மந்திரியை வைத்தாய். அதே குறுக்குக் கோட்டில் உன் ராணி. என் முறை.

"இன்னாடா, தப்பா வச்சிட்டியா? ராணிய தூக்கிடுவேன்."

"கரெக்டாதான் வச்சேன். பிரேக் போடறதுக்கு முன்னாலயே அங்கதான் குந்திக்கினு இருந்தான். நான்தான் அவசரத்துல ராணிய எதிர்ல வுட்டேன்."

"எனுக்கு ஞாபகமே இல்லடா!"

"எனுக்குக் கீதே. எடுடா, பேஜார் பண்ணாத."

எடுத்தேன். ஜெயித்தேன். "மந்திரிய வச்சே ஆட்சிய கவுத்துட்ட, எலெக்‌ஷன்ல நில்லு" என்று முதுகில் ஒன்று வைத்தாய்.

ஐப்பசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அப்புறம் எனக்குக் காயைத் தொடவே பிடிக்கவில்லை. பி.டி. சாரிடம் போய், "நான் போகல சார். அது அவன் விட்டுக்கொடுத்த இடம்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் சுருக்கென்றது. நீ எங்கே விட்டுக்கொடுத்தாய்? தோற்றாய். ராணியைக் கவனிக்காமல் விட்டு, அதை மறைக்காமல், சுத்தமாகத் தோற்றாய். அதைப் போய் தானம் என்று சொன்னால் எழுந்து வந்து உதைப்பாய். "போறேன் சார்" என்று அந்த இடத்திலேயே மாற்றிச் சொன்னேன். சார் முறைத்தார்.

நாளைக்குப் போட்டி. ஜெயித்தால் முதலில் உன் அப்பாவிடம்தான் சொல்வேன். தோற்றாலும் அவரிடம்தான், எந்தக் கட்டத்தில் கோட்டை விட்டேன் என்பது உட்பட.